ஐந்தாம் மாடிச் செடி

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிற எட்டு மாடிக் கட்டடத்தில் நான் பராமரிப்பு வேலை செய்கிறேன். தண்ணீர்த் தாங்கி நிரம்பிவிட்டதா என்று பார்ப்பது, லிப்ட் நின்றுபோனால் ஆளைக் கூப்பிடுவது, படிகளைக் கூட்டுவது, இவ்வளவுதான் வேலை. கட்டடத்தில் பாதி வீடுகள் எப்போதும் பூட்டிக் கிடக்கும். வீட்டுக்காரர்கள் கனடாவிலோ லண்டனிலோ பிள்ளைகளோடு இருப்பார்கள். கதவுத் திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போவார்கள். என் இடுப்பு வளையத்தில் ஒரு காலம் பதினொரு திறப்புகள் தொங்கின. இப்போது பத்து. குறைந்துபோன அந்த ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தமிழ் வாசிப்பேன், விரலை எழுத்தின் கீழே வைத்துக்கொண்டு மெதுவாக. பக்கத்தில் யாராவது நின்றுவிட்டால் அதுவும் வராது. கதைப்பதும் அப்படித்தான். லிப்டில் யாராவது ஏறினால் நான் இறங்கிப் படியால் போவேன். ஐம்பது வயதாகியும் இந்தக் கூச்சம் என்னை விட்டுப் போகவில்லை.

ஐந்தாம் மாடியில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. கட்டடம் முழுக்க அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். யாழ்ப்பாணத்தவர். கணவர் இறந்து மூன்று வருடம். ஒரே மகள் கனடாவில். அந்த மகளுக்குப் பிள்ளை பிறக்க இருந்ததால் டீச்சர் ஆறு மாதத்துக்குப் போகப் புறப்பட்டார். போவதற்கு முதல்நாள் என்னை மேலே வரச்சொன்னார்.

நடு அறையில், வெயில் விழாத மூலையில், ஒரு வெள்ளைப் பீங்கான் சாடிக்குள் அந்தச் செடி நின்றது. என் இடுப்பளவு உயரம். கையகல இலைகள். பச்சை இலையில் உப்பைத் தூவிவிட்டது போல வெள்ளைப் புள்ளிகள். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு நீளமான பெயர் உண்டு, டீச்சர் சொன்னார், என் வாயில் அது நிற்கவில்லை.

"தம்பி, இது அவர் கொண்டுவந்தது. கொட்டாஞ்சேனையிலை வாடகைக்கு இருக்கேக்கை ஒரு சின்னத் தண்டு. பிறகு கிருலப்பனைக்குப் போனம், இதை மடியிலை வைச்சுக்கொண்டு ஆட்டோவிலை போனவர். பிறகு இஞ்ச. வீட்டிலை இருக்கிற மற்றச் சாமான் எல்லாம் வாங்கினது. இது மட்டும் எங்களோடை வளந்தது."

"சரிங்க டீச்சர்."

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஈரப் பஞ்சாலை இலை துடைப்பார். இப்ப நான் துடைக்கிறன். அது உமக்கு வேண்டாம். தண்ணி மட்டும் பாரும். தண்டு முறிஞ்சாச் சாறு வரும், கவனம். கையிலை பட்டாக் கடிக்கும். நாக்கிலை பட்டா வாய் வீங்கி ரெண்டு நாளைக்குக் கதைக்கேலாது."

டீச்சரின் பெட்டியைக் கீழே கொண்டுபோக வந்த காவலாளி வாசலில் நின்றார். சிங்களவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்கு நான் மல்லி, அதாவது தம்பி; எனக்கு அவர் அய்யே, அண்ணன். தமிழ் நன்றாகவே கதைப்பார், எழுத்து மட்டும் தெரியாது.

"அப்ப டீச்சர், மல்லி சின்ன வயசில இதைத்தான் தின்னிருக்கு," என்றார்.

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் கதை நீளும் என்று தெரியும்.

அதற்குப் பிறகு டீச்சர் பிரிட்ஜின் கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். "எல்லாம் இதிலை எழுதியிருக்கிறன்." கறுப்பு மையில் ஒவ்வொரு எழுத்தும் என் பெருவிரல் நகம் அளவு. ஒரு வரியில் நாலு சொல்தான் அடங்கியிருந்தது. அ, ஆ எழுதிப் பழகும் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பது போல.

அந்தத் தாளைப் பார்த்ததும் என் முகம் சூடேறியது. என் படிப்பைப் பற்றி இந்தக் கட்டடத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. டீச்சருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். தெரிந்ததும் போதாமல், இவ்வளவு பெரிதாக எழுதினால்தான் இவனுக்கு விளங்கும் என்றும் முடிவு செய்திருக்கிறார்.

அவர் போன அடுத்த நாள் காலை கதவைத் திறந்து உள்ளே போனேன். தாளில் முதல் இரண்டு வரியை வாசித்தேன். ஒவ்வொரு நாளும் தண்ணீர் விடவேண்டாம் என்றது முதல் வரி. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்கவும் என்றது இரண்டாவது. அதற்கு மேல் வாசிக்க மனம் வரவில்லை. ஒரு செடிக்குத் தண்ணீர் விட எனக்கு எழுத்தில் சொல்லித் தர வேண்டுமா? தாளைப் பிய்த்து, மடித்து, குசினி மேசையின் இழுப்பு லாச்சிக்குள் போட்டேன். யாரும் இல்லாத வீட்டில் அந்தப் பெரிய எழுத்துகள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கள் கட்டடத்து வாசலில் சின்னப் பிள்ளையார் ஒருவர் இருக்கிறார், பக்கத்தில் துளசி. காலையில் குளித்ததும் துளசிக்கு ஒரு செம்பு தண்ணீர் விட்ட பிறகுதான் நான் தேத்தண்ணி குடிப்பேன். டீச்சரின் செடியையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டேன். கீழே துளசிக்கு ஒரு செம்பு, மேலே இதற்கு ஒரு செம்பு, பிறகு எனக்குத் தேத்தண்ணி. வாயில்லாத ஒன்றைக் காயப்போட்டுவிட்டு நான் மட்டும் குடிப்பதா என்று நினைத்தேன். அப்படி நினைக்கும்போது என்னைப் பற்றி எனக்கு நல்ல எண்ணமாகவும் இருந்தது. துளசி வெயிலில் நிற்பது, அதன் மண் தண்ணீரை நிலத்துக்குள் இறக்கிவிடும் என்பதெல்லாம் அப்போது தலையில் ஓடவில்லை.

டீச்சர் சனிக்கிழமைக் காலைகளில் வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு எடுப்பார். நான் போனைச் செடிக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பேன். என் முகத்தைக் காட்ட மாட்டேன். வெள்ளிக்கிழமை மாலையே மேலே போய், பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒவ்வொரு இலையாகத் தடவி வைப்பேன். வேண்டாம் என்று சொன்ன வேலை. ஆனால் இலை பளபளவென்று நின்றது.

"மினுங்குது தம்பி! நான் நிக்கேக்கை கூட இப்பிடி மினுங்கேல்லை." பின்னால் குழந்தை அழுதது. "தண்ணி அளவாத்தானே விடுறீர்?"

"எழுதினபடிதாங்க டீச்சர்."

முதல் பொய் அதுதான். சின்னப் பொய். சொல்லும்போது பொய் என்றுகூடத் தோன்றவில்லை.

மூன்றாவது மாதம் அடி இலை ஒன்று மஞ்சளானது. பிறகு இன்னொன்று. நின்ற இலைகளும் தொங்கத் தொடங்கின. வாடிய செடியைப் பார்த்தால் எவனுக்கும் தாகம் என்றுதான் தோன்றும். நான் மாலையிலும் ஒரு செம்பு விட்டேன். சனிக்கிழமைகளில் போனை எண்ணெய் மினுங்கும் மேல் இலைகளுக்கு மட்டும் கிட்டப் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கொட்டாஞ்சேனைக்கு வீட்டுக்குப் போவேன். மனைவியிடம் சொன்னேன்.

"பூட்டின வூடு, உள்ளுக்குச் சூடா இருக்கும்," என்றாள் அவள். "வெறும் தண்ணியில என்ன சத்து இருக்கு? அரிசி கழுவின தண்ணி ஊத்திப் பாருங்க. நம்ம வாசல் ரோசாவுக்கு நான் ஊத்துறேன்ல?"

ஒரு பெரிய போத்தலில் நிரப்பியும் தந்தாள். வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் கொண்டுவந்து ஊற்றினேன். ஒரு வாரத்தில் செடியைச் சுற்றிச் சின்ன ஈக்கள் பறந்தன. வீட்டைத் திறந்தால் புளித்த வாடை. குளியலறைக் குழாய் என்று நினைத்து அதற்கு மருந்து போட்டுக் கழுவினேன்.

நாலாவது மாதம், ஒரு சனிக்கிழமைக் காலை. டீச்சரின் அழைப்பு வர ஒரு மணித்தியாலம் இருந்தது. நான் செம்பைச் சாய்த்துக்கொண்டிருக்கும்போதே செடி ஒரு பக்கமாகச் சரிந்தது. யாரும் தொடவில்லை. களைத்த மனிதர் கதிரையில் சாய்வது போல மெல்லச் சரிந்து சாடியின் விளிம்பில் படுத்தது. தண்டின் அடியைத் தொட்டேன். அதிகம் பழுத்த வாழைப்பழம் போல விரல் உள்ளே போனது.

வெள்ளைச் சாடிக்குள் இன்னொரு கறுப்புப் பிளாஸ்டிக் சாடி இருந்தது. செடி உண்மையில் நின்றது அதில்தான். நாலு மாதமாக நான் அதைத் தூக்கிப் பார்த்ததில்லை. தூக்கினேன். வெள்ளைச் சாடிக்கு அடியில் ஓட்டை இல்லை. நான் விட்ட தண்ணீரில் பாதி அதற்குள்ளேயே கறுப்பாக நின்றது. வேர்கள் ஈரத் துணி போலக் கையோடு வந்தன.

போன் சட்டைப்பையில்தான் இருந்தது. அந்த இடத்திலேயே எடுத்து, டீச்சர், செடி அழுகிப்போச்சு என்று மூன்று சொல் சொல்லியிருக்கலாம். எனக்கு வந்த யோசனை வேறு. டீச்சர் கேட்பார், தாளை வாசிக்கவில்லையா என்று. வாசிக்கத் தெரியாதவன் என்று நினைப்பார். செடி செத்ததைவிட அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. இதைச் சொல்லவே கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

தண்டை மடக்கி ஒரு கறுப்புப் பையில் போட்டுக் கட்டினேன். மடக்கும்போது முறிந்து சாறு கையெல்லாம் வழிந்தது. லிப்டில் போகாமல் ஐந்து மாடியும் படியால் இறங்கிக் குப்பை அறையில் போட்டேன். முழங்கைவரை நெருப்பாகக் கடித்தது. சொறிந்துகொண்டு நின்றதைக் காவலாளி கண்டார்.

"என்ன மல்லி, கை?"

"எறும்பு அய்யே."

டீச்சரின் அழைப்பு வந்தபோது நான் எடுக்கவில்லை. டேட்டா முடிந்துவிட்டது என்று குரல் பதிவில் சொல்லி, முதல் மாதத்தில் எடுத்த படம் ஒன்றை அனுப்பினேன். அவருடைய குரல் பதில் வந்தது. "வடிவா நிக்குது தம்பி. உமக்கு எவ்வளவு கரைச்சல் தாறன்."

ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குப் போனவன் வீட்டில் இருக்காமல் ஹெந்தளைக்கு பஸ் ஏறினேன். அங்கே ரோட்டோரத்தில் ஒரு செடித் தோட்டம் இருப்பது தெரியும். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். தோட்டக்காரப் பெண் என்னை ஒரு நிழல்வலைக்குக் கீழே கூட்டிப்போனாள். அதே சாதிச் செடி வரிசையாக நின்றது. அதே உயரத்தில் ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். புள்ளி மட்டும் கொஞ்சம் அதிகம்.

"பழைய செடிக்கு என்ன நடந்தது?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். செம்பு, அரிசித் தண்ணீர், எண்ணெய், ஓட்டையில்லாத சாடி, ஒன்றும் விடவில்லை. என் பாஷையில் ஒருவரிடமும் சொல்ல முடியாததை, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் வேறு பாஷையில் நின்ற நிலையில் சொல்லி முடித்தேன்.

அவள் சிரித்தாள். "ஐயோ, தண்ணீர் கொடுத்தே கொன்றிருக்கிறீர்களே! சரி, மேல் தண்டும் அழுகிவிட்டதா? இறுக்கமாக இருந்தால் வெட்டிப் போத்தல் தண்ணீரில் வைத்தால் போதுமே. வேர் வரும். எங்கே அது?"

அது குப்பை அறையில் இருந்தது. குப்பை லொறி திங்கட்கிழமை காலை வரும்.

வீட்டுக்குப் போகாமல் அங்கிருந்தே வெள்ளவத்தைக்கு வந்தேன். மடியில் புதுச் செடி. அதன் இலை முன் இருக்கைக்காரரின் கழுத்தில் உரசிக்கொண்டே வந்தது. நடத்துநர் சிங்களத்தில், "இவருக்கும் டிக்கெட் எடுக்கவில்லையா?" என்று கேட்டார். பஸ் சிரித்தது. டீச்சரின் கணவர் பழைய செடியை மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோன கதை எனக்கு அப்போது நினைவு வந்தது. இலைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன்.

குப்பை அறையில் மீன் செதிலுக்கும் தேங்காய்ப்பூவுக்கும் நடுவே என் கறுப்புப் பையைத் தேடி எடுத்தேன். தண்டின் மேல்பகுதி ஒரு சாண் இறுக்கமாக இருந்தது. மூன்று இலை. ஒன்று கிழிந்திருந்தது. வெட்டிக் கழுவி ஒரு ஜாம் போத்தலில் வைத்து, கீழ்த்தளத்தில் தண்ணீர்ப் பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் என் அறையின் காற்றோட்ட இடுக்கில் நிறுத்தினேன். மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள் என்று தோட்டக்காரப் பெண் சொல்லியிருந்தாள். மாற்றினேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. மூன்றாவது வாரம் தண்டின் அடியில் அரிசி முனை போல வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

மேலே வெள்ளைச் சாடியில் புதுச் செடி நின்றது. சனிக்கிழமை வீடியோவில் டீச்சர் அதைப் பார்த்து வடிவு என்றார்.

டீச்சர் வந்ததும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். பம்பு ஓடும் சத்தத்தில் அந்த வசனத்தைப் பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஆனால் அவர் வந்த அன்று கட்டடமே ஐந்தாம் மாடி வாசலில் நின்றது. டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே செடியிடம் போய் இலையைத் தொட்டார். "கொழுத்திட்டாய் என்ன?" என்று அதனிடம் சொன்னார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்தத் தம்பியை மாதிரி ஒரு ஆள் கிடைக்காது. சொன்ன சொல்லை அப்பிடியே செய்வார்," என்றார். எனக்குப் போட ஒரு நீலச் சேட்டு கொண்டுவந்திருந்தார். வாங்கிக்கொண்டு படியால் இறங்கினேன்.

இரண்டு நாள் கழித்து, தண்ணீர் நிற்கும் நேரம் பற்றிய அறிவித்தல் ஒன்றை ஒவ்வொரு கதவிலும் ஒட்டினேன். டீச்சர் கதவைத் திறந்தார்.

"தம்பி, இதிலை என்ன கிடக்கு? வாசியும். எனக்கு எறும்பு ஊருற மாதிரித்தான் தெரியுது."

விரலை வைத்து மெதுவாக வாசித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "கண்ணிலை வெண்புரை. போக முன்னமே இருந்தது. அடுத்த மாசம் ஆஸ்பத்திரியிலை வெட்ட வேணும். உமக்கு எழுதின தாள் கண்டனீர்தானே, எவ்வளவு பெரிசு! சின்னனா எழுதினா நான் என்ன எழுதிறன் எண்டு எனக்கே தெரியேல்லை."

நான் தலையை ஆட்டினேன். அடுத்த கதவில் ஒட்ட வேண்டிய தாள் கையில் கசங்கிப்போயிருந்தது.

அதன் பிறகாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மனம் இப்போது வேறு கணக்குப் போட்டது. கண் வெட்டியதும் அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும், செடி வேறு என்று கண்டுபிடித்துவிடுவார். அவராகக் கண்டுபிடித்துத் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், நானாக வாய் திறக்க வேண்டியதில்லை. கண் வெட்டும் நாளை நான் பயத்தோடும் ஒருவிதமான ஆசையோடும் எதிர்பார்த்தேன்.

நடந்தது வேறு. கண் வெட்டி இரண்டு வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒழுகும் குழாய்க்கு வாசர் மாற்றப் போனேன். டீச்சர் கையில் பஞ்சோடு செடிக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, இஞ்ச வாரும். இந்த இலையைப் பாரும். எவ்வளவு வெள்ளை! என்ர மனசிலை இருக்கிறது பச்சை கூடின இலை. மேலை கொஞ்சமா உப்புத் தூவின மாதிரி. அவர் அப்பிடித்தான் சொல்லுவார்." இலையை விரலால் தடவினார். "இவ்வளவு காலமும் நான் இதைச் சரியாப் பாக்கவேயில்லை போல. அவர் இருக்கேக்கையும் என்ர கண் இவ்வளவு பழுதாத்தான் இருந்திருக்கு. அப்ப வேற என்னத்தையெல்லாம் நான் பிழையாப் பாத்தனானோ தெரியாது."

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. தன் கண்ணைச் சந்தேகப்பட்டார். கணவரோடு இருந்த காலம் முழுவதையும் சந்தேகப்படத் தொடங்கியிருந்தார். பேசாமல் குழாயைப் பூட்டிவிட்டு நான் இறங்கிப் போயிருந்தால் அது அப்படியே இருந்திருக்கும்.

"கண்ணு இல்லைங்க டீச்சர்," என்றேன்.

"என்ன?"

"ஒங்க கண்ணுல ஒரு பிழையும் இல்ல. இது வேற செடி."

பஞ்சைப் பிடித்த கை இலையிலேயே நின்றது. "எப்ப?"

"நீங்க போயி நாலு மாசத்துல. நான் தண்ணிய அளவுக்கு மேல விட்டுட்டேன். அழுகிப்போச்சு."

"அந்தப் படம்?"

"பழசுங்க."

"வீடியோவிலை காட்டினது?"

"பொறகு காட்டினது இதுதான்."

அவர் கதிரையில் அமர்ந்தார். "மற்றது எங்கை?"

நான் இறங்கி ஓடி ஜாம் போத்தலைக் கொண்டுவந்தேன். அப்போது அதில் நாலு இலை, அடியில் வெள்ளை வேர் சுருண்டு கிடந்தது. டீச்சர் போத்தலை வாங்கி பல்கனி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புது இலையைப் பார்த்தார், கிழிந்த இலையைப் பார்த்தார்.

"இதுதான்," என்றார். "உப்புத் தூவினது இதுதான்."

அவர் முகத்தில் ஒரு கணம் வந்த சந்தோசத்தை நான் கண்டேன். அது என்னைப் பார்த்ததும் போய்விட்டது.

"செடி போறது வேற, தம்பி. என்ர கண்ணை நானே பிழை சொல்ல வைச்சிட்டீரே."

நான் குழாய் வேலைக்குக் கொண்டுவந்த சாமான்களைப் பொறுக்கி எடுத்தேன்.

"திறப்பை மேசையிலை வைச்சிட்டுப் போம்."

வளையத்தில் இருந்து திறப்பைக் கழற்ற வரவில்லை. அவசரத்தில் நகம் உடைந்தது. மற்றத் திறப்புகள் எல்லாம் சத்தம் போட்டன. டீச்சர் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, நான் கழற்றி முடிக்கும்வரை காத்திருந்தார்.

அந்த ஞாயிறு மனைவிக்குச் சொன்னேன். "செடி செத்ததுக்கு யாராச்சும் ஒங்கள தூக்குல போடுவாங்களா?" என்று கத்தினாள். "வாயத் தொறக்க ஒங்களுக்கு எத்தன மாசம்!" பிறகு அடங்கி, "அரிசித் தண்ணி நான் குடுத்ததுன்னு சொன்னீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அதயாவது சொல்லியிருக்கலாம், பாதி என்மேல போயிருக்கும்," என்றாள்.

டீச்சர் உண்மைச் செடியை ஒரு மண்சாடியில் நட்டார். மற்றதைக் கீழே அனுப்பிவிட்டார். அது இப்போது வாசல் கூடத்தில், காவலாளியின் மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறது. வாரம் ஒருமுறை நான்தான் தண்ணீர் விடுகிறேன், விரலை விட்டுப் பார்த்து. அது நன்றாக வளர்கிறது. போகிறவர்கள் வருகிறவர்கள், "உங்கட கை ராசியான கை," என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். டீச்சர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தப் பாராட்டு நின்றிருக்கும்.

சில மாதம் கழித்து, பேரப்பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு டீச்சர் மறுபடி கனடா புறப்பட்டார். வான் வாசலில் நின்றது. அவர் திறப்பைக் காவலாளியின் கையில் கொடுத்தார். கைப்பையில் இருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். லாச்சிக்குள் நான் போட்ட அதே தாள். நான் மடித்த அதே மடிப்பு.

"இவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது," என்று என்னிடம் நீட்டினார். "வாசிச்சுச் சொல்லிவிடும்."

கூடத்தில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். விரலை வைத்து வாசித்தேன். எழுத்துத் தமிழ் காவலாளிக்குப் பிடிபடாது என்று ஒவ்வொரு வரியையும் சிங்களத்திலும் சொன்னேன். ஒவ்வொரு நாளும் தண்ணீர் விடவேண்டாம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்கவும். காய்ந்திருந்தால் மட்டும் ஒரு கோப்பை. வெளிச்சாடியில் தண்ணீர் நின்றால் கொட்டிவிடவும். ஐந்தாவது வரிக்குப் பதிலாக, தாளின் அடியில், பின்பக்கம் பார்க்கவும் என்று இருந்தது.

திருப்பினேன். எழுத்து பெரிது என்பதால் ஒரு பக்கம் போதாமல் போயிருக்கிறது. ஒட்டியிருந்தபோது அந்தப் பக்கம் பிரிட்ஜின் கதவோடு இருந்திருக்கிறது. பிய்த்து மடித்தபோதும் நான் திருப்பிப் பார்க்கவில்லை.

"இலை பழுத்தாலும், தண்டு அழுகினாலும், எனக்குச் சொல்லவும். செத்தால்," என்று வாசித்தேன். என் விரல் அங்கே நின்றது.

"ஏன் மல்லி நிண்டுட்ட? செத்தா என்னவாம்?" என்றார் காவலாளி.

"செத்தால் நான் கோவிக்க மாட்டேன். சொல்லாமல் மட்டும் விடவேண்டாம்."

சிங்களத்தில் சொன்னேன். அவர், "ஹரி, சரி டீச்சர், செத்தா அண்டைக்கே சொல்றேன்," என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டவர். ஒருவன் ஒரு வரியை முதல்தடவையாக வாசிக்கும்போது அவருக்குத் தெரியாமல் போகுமா?

பெட்டியைத் தூக்கி வானுக்குள் வைத்தேன். டீச்சர் ஏறி அமர்ந்து கண்ணாடியை இறக்கினார்.

"அந்த நீலச் சேட்டு உமக்கு அளவில்லையோ?"

"அளவுதாங்க டீச்சர்."

"அப்ப ஏன் போடேல்லை? போடும்."

வான் ஒழுங்கையால் ஏறிப் பெரிய ரோட்டுக்குத் திரும்பியது. காவலாளி திறப்பைத் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டினார். சேட்டு என் அறையில், பொலித்தீன் உறை பிரிக்காமல் இருக்கிறது. நான் இன்னும் போடவில்லை.